எறும்புகள் தலைமுட்டிப் போவது ஏன்

அந்தக் காலத்தில், எறும்புக்கும் வாய்ப்பேச்சு இருந்தபோது, ஆற்றோரம் ஒரு மருதமரத்தடியில் எறும்புப் புற்று ஒன்று இருந்தது. ஆறு எவ்வளவு ஏறியது என்று மேற்கரைப் புற்றிலிருந்து தினமும் சேதி வரும். இரண்டு எறும்புப் பெண்கள் இலைத்துணுக்கில் தினை சுமந்து வருவார்கள். ஒருத்தியிடம் இருக்கும் ஒவ்வொரு தினையும் பத்து நெல்லுயரத் தண்ணீர், இன்னொருத்தியிடம் இருப்பது ஒவ்வொன்றும் ஒரு நெல்லுயரம்.

அந்தச் சேதியை ராணிக்குப் படித்துச் சொல்பவள் வேம்பி. மேற்கரையிலிருந்து தாழை என்பவள் குடிவந்த பிறகுதான் குட்டு உடைந்தது.

"அக்கா, எங்க ஊரில் சின்னது முன்னே வரும். உங்க ஊரில் பெரியது முன்னே. இவர்களை இடம் மாற்றி நிறுத்திப் படிக்கணும்" என்றாள் தாழை.

"இத்தனை நாள் தப்பாகவா படித்தாய்?" என்று எல்லார் முன்னாலும் ராணி வேம்பியைக் கேட்டுவிட்டாள். படிக்கும் வேலை தாழைக்குப் போனது. வேம்பிக்கு வாசல் காவல். தாழை யாரோடு சிரித்தாலும் தன்னைப் பற்றித்தான் சிரிக்கிறாள் என்று வேம்பிக்கு வயிறு எரியும்.

அடைமழை நாளொன்றில் சேதி வந்தது. தாழை வழக்கம்போல் இருவரையும் இடம் மாற்றி உள்ளே அனுப்பிவிட்டு, முட்டைகளைப் பார்க்கப் போனாள். வாசலில் வேம்பி மறித்தாள். ஒரே ஒருமுறை அவளும் திட்டு வாங்கட்டுமே!

"நீ பின்னே போ. நீ முன்னே வா."

"தாழை அக்கா மாற்றித்தானே விட்டாங்க?"

"எனக்குத் தெரியாதா? நட."

ராணி தானே எண்ணினாள். முன்னே ஒன்று, பின்னே எட்டு. "பதினெட்டு நெல்லுயரம்தான். நம் வாசல் ஐம்பதில் இருக்கிறது. பயமில்லை, தூங்குங்கள்."

வேம்பி மனதுக்குள் மாற்றிப் பார்த்தாள். அப்படியானால் வந்தது எண்பத்தொன்று! சொல்ல வாயெடுத்தாள். சொன்னால், மாற்றியது யார் என்று கேட்பார்களே? அந்தத் தயக்கத்திலேயே தண்ணீர் வாசலுக்குள் புகுந்தது.

"மேலே ஏறுங்கள்!" என்று அப்போதுதான் கத்தினாள். தாழை முட்டைகளைத் தூக்கித் தூக்கி மரத்தில் ஏற்றினாள். மறுபடி உள்ளே போனவள் திரும்பவில்லை.

மரக்கிளையில் நடுங்கிக்கொண்டிருந்த ராணியிடம் வேம்பி எல்லாவற்றையும் சொன்னாள். யாரும் அவளை அடிக்கவில்லை. யாரும் அவளோடு பேசவுமில்லை. அதற்குப் பிறகு எதிரே யார் வந்தாலும் அவளே நிறுத்துவாள், தலையோடு தலை வைத்து, "எது முன்னே?" என்று கேட்காமல் ஒரு தினையைக்கூட வாங்கமாட்டாள். பார்த்துப் பார்த்து மற்றவர்களுக்கும் அதுவே பழக்கமானது.

அன்று முதல்தான் எறும்புகள் எதிரெதிரே வந்தால் தலைமுட்டாமல் தாண்டுவதில்லை; மழையையும் கடலையும் அளந்து கணினிக் கோப்பில் எண்களாக அடைப்பவர்களும், எண்ணின் துண்டுகளை அடுக்கும் வரிசை கணினிக்குக் கணினி மாறுவதால், பெரியது முன்னேயா சின்னது முன்னேயா என்று கோப்பின் தலையிலேயே ஒரு குறி இட்டு அனுப்புகிறார்கள்.