ஏழாவது திருப்பத்து ஓட்டை

ஏரிக்கரையில் ஒரு புங்கமரம். அதன் அடியில் ஒரு பெரிய வளை. அதைத் தோண்டியவன் தோண்டியப்பன் என்ற பெருச்சாளி. வெள்ளெலி, வயல் எலி, சுண்டெலி என்று இருபது குடும்பங்கள் அதில் குடியிருந்தன. அந்த இருபதில் ஒன்று கீச்சி என்ற மூஞ்சூறின் குடும்பம்.

கீச்சிக்குக் கண் பார்வை அரைகுறைதான். ஆனால் அவள் மூக்கு இருக்கிறதே, அது எதையும் விடாது! மூன்று நாளைக்கு முன்னால் எந்த வழியில் யார் போனார்கள் என்று மோந்தே சொல்லிவிடுவாள்.

அவளுக்கு நாலு குட்டிகள். வெளியே கிளம்பினால் முதல் குட்டி அம்மாவின் வாலடியைக் கவ்விக்கொள்ளும். அடுத்த குட்டி முதல் குட்டியைக் கவ்விக்கொள்ளும். இப்படி நாலும் ஒரே சரமாகப் போகும். மற்றவர்கள் பார்த்துச் சிரிப்பார்கள். "தேர் வருது, வழி விடுங்க!" என்று கேலி செய்வார்கள். கீச்சி அதைக் காதில் போட்டுக்கொள்வதில்லை.

அந்த வளைக்குக் குடிவர ஒரு வழக்கம் இருந்தது. வாசலில் ஈரக் களிமண் பலகை ஒன்று வைத்திருந்தான் தோண்டியப்பன். புதிதாக யார் வந்தாலும் அதன் முன்னால் நிறுத்தி, ஒரே மூச்சில் சொல்வான்.

"சுவத்த என்னத் தவிர யாரும் தொடக்கூடாது தொட்டா வெளியேத்திருவேன் கூரை இடிஞ்சாலும் தண்ணி ஒழுகினாலும் எது உள்ள பூந்தாலும் தோண்டுனவன் பொறுப்பில்ல... சம்மதமா?"

கேட்பவர் காதில் 'சம்மதமா' மட்டும்தான் விழும். வெளியே மழை கொட்டும்போது நின்று நிபந்தனை கேட்க யாருக்குப் பொறுமை? "சம்மதம்!" என்று களிமண்ணில் கால் பதித்துவிட்டு உள்ளே ஓடுவார்கள். கீச்சியும் அப்படிப் பதித்தவள்தான்.

வளை பார்க்கப் பெரிதாக இருந்தது. உறுதியாக இருந்ததா என்று கேட்டால் அதுதான் இல்லை. வாரம் ஒரு முறை எங்காவது மண் சரிந்து வழி அடைத்துக்கொள்ளும். போய் முறையிட்டால் தோண்டியப்பன் கைவசம் ஒரே மருந்துதான்.

"எல்லாரும் வெளியே போயிட்டு மறுபடி உள்ளே வாங்க. சரியாயிரும்!"

வேடிக்கை என்னவென்றால், பாதி நேரம் அது சரியாகியும் விடும். இருபது குடும்பமும் நடக்கிற அதிர்ச்சியில் சரிந்த மண் அமுங்கி, வழி திறந்துகொள்ளும். அதனால் மண் ஏன் சரிந்தது என்று யாரும் கேட்பதில்லை.

ஐப்பசி மழை தொடங்கியது. ஒரு நாள் காலையில் கீச்சி ஏழாவது திருப்பத்தில் திடீரென்று நின்றாள். ஒரு வாடை! அவள் முதுகு மயிர் குத்திட்டது.

சுவர் ஓரமாக மோந்துகொண்டே போனாள். அங்கே செத்துப்போன பழைய வேர் ஒன்று சுவருக்குள் ஓடியது. தோண்டும்போது வேலை சுலபமாக முடியட்டும் என்று அந்த வேரை ஒட்டியே வழி போட்டிருந்தான் தோண்டியப்பன். இப்போது வேர் உள்ளே மக்கிக் குழாய் போல ஆகிவிட்டது. ஒரு பாகற்காய் தாராளமாக நுழையும் அகலம். ஒரு முனை கரைக்கு வெளியே திறந்திருந்தது. மறுமுனை திருப்பத்தை ஒட்டியிருந்த குட்டியறைச் சுவரில் முடிந்தது. அங்கே மெல்லிய மரப்பட்டை ஒன்றுதான் மறைப்பு.

குட்டியறை என்றால், இரை தேடப் போகிறவர்கள் பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகிற அறை. அந்தப் பருவத்தில் அங்கே ஏழு பேர் இருந்தார்கள். கீச்சியின் நாலு குட்டிகள், பவளாயி என்ற வெள்ளெலியின் இரண்டு பிள்ளைகள், தோண்டியப்பனின் ஒரே மகன் உருண்டை.

வேருக்குள்ளிருந்து வந்தது நாகத்தின் வாடை.

மூச்சிரைக்கத் தோண்டியப்பனிடம் ஓடினாள். அவன் வாசல் பக்கம் புதிதாக ஒரு ஜன்னல் குடைந்துகொண்டிருந்தான்.

"அண்ணே! ஏழாவது திருப்பத்துல ஓட்டை இருக்கு. பாம்பு வாடை அடிக்குதுண்ணே!"

"உன் வாடைய விடவா?" என்று சிரித்தான் தோண்டியப்பன்.

"விளையாடாதீங்கண்ணே. ஒரு கூழாங்கல்லும் ரெண்டு கை களிமண்ணும் போதும். இன்னைக்கே அடைச்சிடலாம்."

அவன் சிரிப்பை நிறுத்தினான். அங்குமிங்கும் பார்த்துவிட்டு அவள் பக்கத்தில் வந்தான். குரலைத் தாழ்த்தினான்.

"இந்தா பாரு கீச்சி. இதை வெளியில சொல்லிராதே. நாலு பேருக்குத் தெரிஞ்சா பாம்புக்கும் தெரிஞ்சுரும். அப்புறம் அது உன்னாலதான் வந்ததுன்னு ஆயிரும். மழை விடட்டும், நானே பார்க்கிறேன். இப்ப இந்த ஜன்னல முடிக்கணும். எல்லாரும் ஏரியப் பார்க்கணும்னு ஆசைப்படுறாங்க."

"அதுவரைக்கும் நானே அடைச்சிக்கட்டுமா?"

"சுவத்தத் தொட்டா வெளியேத்திருவேன்! கால் பதிச்சது மறந்து போச்சா?"

கீச்சி திரும்பினாள். வெளியே மழை கொட்டியது. நாலு குட்டிகளை இழுத்துக்கொண்டு இந்த மழையில் எங்கே போவது? வளைக்குள்ளும் குட்டிகளை விட்டுவைக்க வேறு அறை இல்லை. பயந்துதான் வாயை மூடிக்கொண்டாள்.

ஆனால் மூக்கை மூட முடியவில்லையே! மறுநாள் வாடை கொஞ்சம் கூடியிருந்தது. அதற்கு மறுநாள் இன்னும் கூடியது. பாம்பு வேருக்குள் வருவதும், எட்டிப் பார்ப்பதும், திரும்பிப் போவதுமாக இருந்தது. ஐந்தாம் நாள் கீச்சி வாய் நிறையக் களிமண் கவ்விக்கொண்டு ஏழாவது திருப்பம் வரை போய்விட்டாள். எதிரே ஓணான் வந்தான். தலையாட்டி என்று பெயர். வாசல் காவல் அவன் வேலை. யார் எதைச் சொன்னாலும் தலையாட்டுவான்.

"வாயில என்னம்மா?" என்றான்.

கீச்சி களிமண்ணை விழுங்கிவிட்டாள். சொன்னால் போய்ச் சொல்லிவிடுவானே! அன்றைக்கு அவள் இரை தின்னவில்லை. குட்டிகளை அணைத்தபடி, காதைச் சுவரில் வைத்துக்கொண்டே கிடந்தாள்.

பத்தாம் நாள் அவளால் தாங்க முடியவில்லை. பவளாயியிடம் சொல்லிவிட்டாள்.

"ஐயையோ!" என்று அலறினாள் பவளாயி. அந்த அலறலில் இருபது குடும்பமும் வாசல் மண்டபத்தில் கூடிவிட்டது. நடுவில் தோண்டியப்பன் நின்றான். எல்லோரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள்.

"நீங்க தோண்டுன வளை! நீங்கதானே பதில் சொல்லணும்?" என்றாள் பவளாயி.

"பலகையப் போய்ப் பாரு! எது உள்ள பூந்தாலும் நான் பொறுப்பில்லன்னு சொல்லித்தானே உன் கால் தடத்தை வாங்கினேன்?"

"அதை யாரு கேட்டா?"

"கேக்காதது உன் தப்பு!"

ஒரு கிழட்டு வயல் எலி தலையாட்டியின் பக்கம் திரும்பியது. "காவக்காரன் நீ என்ன பண்ணிட்டிருந்தே?"

"என் காவல் முன்வாசலுக்குத்தானுங்க. ஏழாவது திருப்பம் என் கணக்குல இல்லீங்க!" என்றான் அவன். அதற்கும் தலையாட்டினான்.

"அந்தத் திருப்பத்துல வைக்கோல் அடுக்கினது யாரு? அதுலதான் வேர் மக்கியிருக்கும்!" என்றது ஒரு சுண்டெலி. வைக்கோல் அடுக்கியவன் அதன் மேல் பாய்ந்தான்.

தோண்டியப்பன் கையைத் தூக்கினான். "எல்லாத்துக்கும் காரணம் இந்தக் கீச்சிதான்! பத்து நாளா ஒரு தொந்தரவும் இல்ல. இப்ப இவ வாயைத் திறந்ததும் பாம்பு வரப்போகுதுங்கிறீங்க. வழி காட்டிக் கொடுத்தவ இவதான்!"

எய்தவன் இருக்க அம்பை நோவது என்பார்களே, அது நடந்தது. எல்லோரும் கீச்சியைப் பார்த்தார்கள்.

"ஆமா, பத்து நாளா ஏன் சொல்லல?"

"இப்ப ஏன் சொன்னே?"

"மொதல்ல அடைப்போம்! அப்புறம் பேசுவோம்! ஒரு கூழாங்கல்லு போதும்!" என்று கத்தினாள் கீச்சி. அவளுடைய மெல்லிய குரல் யார் காதிலும் ஏறவில்லை. வழக்கு சூடு பிடித்துவிட்டது. சுவரைத் தொடும் உரிமை மட்டும் ஒருவனுக்கு, பொறுப்பு மட்டும் ஊருக்கா என்று கிழட்டு வயல் எலி கேட்டது. நியாயமான கேள்விதான். ஆனால் கேட்கிற நேரமா அது?

அப்போது வளைக்குள்ளிருந்து காற்று திரும்பியது. கீச்சியின் மூக்கு விறைத்தது. பத்து நாளாக அடித்த வாடை போல இல்லை இது. ஈரமான, புதிய வாடை!

அவள் ஓடினாள். ஒன்று, இரண்டு, மூன்று என்று திருப்பங்களைத் தாண்டி ஓடினாள். குட்டியறை கும்மிருட்டாக இருந்தது. சுவரில் மரப்பட்டை விரிசல் விட்டுக்கொண்டிருந்தது. மக்கிய தூள் பொலபொலவென்று உதிர்ந்தது. வேருக்குள்ளே உஸ்ஸென்று ஒரு மூச்சு.

"வாலைக் கவ்வுங்க!" என்றாள் கீச்சி.

நாலு குட்டிகளும் நொடியில் சரமாகிவிட்டன. பவளாயியின் பிள்ளைகள் இரண்டும் இந்தத் தேர் விளையாட்டைத் தினமும் பார்த்துச் சிரித்தவர்கள். இப்போது சிரிக்கவில்லை. கடைசிக் குட்டியின் வாலை ஒருவன் கவ்வினான், அவன் வாலை மற்றவன் கவ்வினான்.

உருண்டை மட்டும் மூலையில் வைக்கோல் மேல் உட்கார்ந்திருந்தான்.

"வாடா கண்ணு! சீக்கிரம் கவ்வு!"

"எதுக்கு?" என்றான் உருண்டை. "இது எங்கப்பா தோண்டுன சுவரு. இதுல ஓட்டையே இருக்காது. எங்கப்பா சொல்லியிருக்காரு."

கீச்சி அவன் காதைக் கவ்வி இழுத்தாள். அவன் அவளைவிட இரண்டு மடங்கு கனம். நகரவில்லை. "விடுங்க அத்தை! எங்கப்பாகிட்டச் சொல்லிருவேன்!" என்று உதறினான்.

பட்டை பிளந்தது. கறுப்பாக, பளபளவென்று ஏதோ உள்ளே நீண்டது. கீச்சிக்குப் பின்னால் ஆறு பேர் ஒருவர் வாலை ஒருவர் கவ்விக்கொண்டு நடுங்கினார்கள்.

அவள் உருண்டையின் காதை விட்டுவிட்டு, அவர்களை இழுத்துக்கொண்டு ஓடினாள். அந்தக் கணத்தை அவள் பிறகு ஒரு நாளும் மறக்கவில்லை.

மண்டபத்தில் வழக்கு இன்னும் முடிந்தபாடில்லை. சரத்தை இழுத்துக்கொண்டு கீச்சி உள்ளே விழுந்ததும் எல்லாக் குரலும் அடங்கிப்போனது. பவளாயி தன் பிள்ளைகள் மேல் பாய்ந்து அவர்களைக் கட்டிக்கொண்டாள். தோண்டியப்பன் எண்ணினான். ஆறு. மறுபடி எண்ணினான். ஆறுதான்.

"என் உருண்டை எங்கே?"

கீச்சி அவன் முன்னால் வந்தாள்.

"கூப்பிட்டேண்ணே. இழுத்தும் பார்த்தேன். எங்கப்பா தோண்டுன சுவரு, இதுல ஓட்டையே இருக்காதுன்னு சொல்லிட்டான்."

தோண்டியப்பன் ஓடினான். எல்லோரும் பின்னால் ஓடினார்கள். குட்டியறையில் யாரும் இல்லை. பாம்பு வந்த வழியே போய்விட்டது. மூலையில் வைக்கோல் குழிந்திருந்தது. தோண்டியப்பன் அதன் மேல் கையை வைத்தான். இன்னும் சூடாக இருந்தது.

அப்போது பொறுப்பு யாருடையது என்று ஒருவரும் கேட்கவில்லை.

கீச்சி வெளியே போய் ஒரு கூழாங்கல்லை உருட்டி வந்தாள். தோண்டியப்பன் அதை வாங்கி ஓட்டையில் வைத்து அழுத்தினான். பவளாயி களிமண் கொண்டு வந்தாள். கிழட்டு வயல் எலி பூசியது. சுவரைத் தொடலாமா என்று யாரும் அனுமதி கேட்கவில்லை. கஞ்சி ஆறுகிற நேரம்கூட ஆகவில்லை, வேலை முடிந்துவிட்டது.

பிறகு தோண்டியப்பன் வாசலுக்குப் போனான். களிமண் பலகையில் இருபது குடும்பத்தின் கால்களும் பதிந்திருந்தன. அவனுடைய கால் மட்டும் இல்லை. மழைத் தண்ணீரை அள்ளித் தெளித்துக் களிமண்ணை நனைத்தான். நடுவில் தன் காலை வைத்து அழுத்தினான். வெகுநேரம் எடுக்கவே இல்லை.

ஓட்டை யாருடையது என்ற வழக்கு முடியும்வரை பாம்பு வெளியே காத்திருக்காது; முதலில் அடைத்துவிட்டுப் பிறகு வழக்காடு.