முதல் முத்திரை

முன்னொரு காலத்தில், குறையேதும் இல்லாத ஒரு ராஜாவுக்குப் பொல்லாத பொறாமை வந்துவிட்டது. பக்கத்து நாட்டுக்கு விருந்துக்குப் போனவர் அந்த ஊர்க் கடைத்தெருவைப் பார்த்தார். செக்காட்டுகிறவர்கள், சாயம் தோய்க்கிறவர்கள், எள்ளுருண்டை விற்கிறவர்கள் என்று கால் வைக்க இடமில்லை. தம் ஊர்க் கடைத்தெருவிலோ நாய்கள் நீட்டிப் படுத்துத் தூங்கின.

திரும்பியதும் சபையைக் கூட்டினார். "வரும் பௌர்ணமிக்குள் நம் தெருவிலும் புதுத் தொழில்கள் நிறைய வேண்டும். யாரால் முடியும்?"

பிரதானி தாண்டவராயர் சட்டென்று எழுந்தார். விகடகவி அம்பலவாணனுக்கு ராஜா தம் சால்வையைப் போர்த்திய நாளிலிருந்து பிரதானிக்குப் பொறாமையில் சோறு இறங்கவில்லை. "அம்பலவாணரால்தான் முடியும், பிரபு! முடியாவிட்டால் நாட்டை விட்டே போகட்டும்."

ராஜா யோசிக்காமல் தலையாட்டினார். யோசித்திருந்தால் நமக்கு ஏது கதை!

அம்பலவாணன் ஊருக்குள் விசாரித்தான். எண்ணெய்ச் செக்கு வைக்க ஆசைப்பட்ட செங்கமலம் கொட்டித் தீர்த்தாள்.

"மரத்துக்கு ஒரு அதிகாரி, மாட்டுக்கு ஒருத்தர், எள்ளுக்கு ஒருத்தர். எல்லாம் பிரதானி போட்ட சட்டம். யாரைக் கேட்டாலும், 'மத்தவங்க முத்திரைய வாங்கிட்டு வா'ங்கிறாங்க. முதல்ல போடத்தான் ஆளில்லை. நாளைக்கு நான் பணக்காரியாயிட்டா, 'நீதானே அவளைத் தூக்கிவிட்டே'ன்னு முதல்ல போட்டவரை மத்த அதிகாரிங்க கரிச்சுக் கொட்டுவாங்களாம்!"

அம்பலவாணன் இதைச் சபையில் சொன்னதும் பிரதானி சீறினார். "என் சட்டத்தில் என்ன குற்றம்? இந்த அரண்மனைக்கே வைத்தாலும் ஒரு குறையும் வராது!"

"அப்படியே ஆகட்டும்," என்றார் ராஜா, சண்டை ஓய்ந்தால் போதுமென்று. அம்பலவாணன் நேரே மடைப்பள்ளிக்குப் போனான்.

மறுநாள் உச்சிவேளையில், பிரதானியும் அம்பலவாணனும் பக்கத்தில் நிற்க, ராஜா சாப்பிட உட்கார்ந்தார். இலை காலியாக இருந்தது. சமையற்காரர் கையைப் பிசைந்தார்.

"மகாராஜா, விறகு அதிகாரி முத்திரை போட்டாத்தான் அடுப்பு மூட்டலாமாம். அவர் அரிசி அதிகாரியைக் கேக்கச் சொல்றார். அவர் உப்பு அதிகாரியைக் கேக்கச் சொல்றார். உப்பு அதிகாரி மாமியார் வீட்டுக்குப் போயிருக்கார்."

"யார் இட்ட உத்தரவு இது?"

"தாங்கள் இட்டதுதான், பிரபு," என்று வணங்கினான் அம்பலவாணன். "சட்டத்தை அரண்மனைக்கே வைக்கலாம் என்றார் பிரதானியார். தாங்கள் ஆகட்டும் என்றீர்கள். வைத்துவிட்டேன். இங்கே ஒரு வேளைதான் அடுப்பு எரியவில்லை. கடைத்தெருவில் வருஷக்கணக்காக எரியவில்லை."

"பிரதானியாரே, உடனே முத்திரையைப் போடும்!"

"மற்றவர்கள் போட்டதும் போடுகிறேன், பிரபு," என்றார் பிரதானி, பழக்கதோஷத்தில்.

கோபம் வரவேண்டிய ராஜாவுக்குச் சிரிப்பு பீறிட்டது. பசித்த வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். முத்துமாலையைக் கழற்றி அம்பலவாணன் கழுத்தில் போட்டு, "இன்னும் என்ன வேண்டும்? கேள்!" என்றார்.

"தொழில் தொடங்க ஒரே முத்திரை போதும், பிரபு. அதைப் பிரதானியாரே போடட்டும். அன்றன்று வந்தவர்களுக்குப் போட்டு முடித்த பிறகே அவர் சாப்பிடட்டும்."

பௌர்ணமிக்கு முன்பே தெரு நிறைந்துவிட்டது. செங்கமலத்தின் செக்குச் சத்தம் சபை வரை கேட்டது.

முத்துமாலையோடு அம்பலவாணன் போகும்போதெல்லாம் பிரதானிக்குப் பற்றிக்கொண்டுதான் வந்தது. ஆனால் உட்கார்ந்து பொறாமைப்பட நேரமேது? வாசலில் ஆட்கள் வரிசையில் நின்றார்கள், உள்ளே சாம்பார் ஆறிக்கொண்டிருந்தது.