கயிற்றுக்காரன் நூற்ற கம்பளி

அது எந்த ராஜா ஆண்ட காலம் என்று என்னைக் கேட்காதீர்கள். ராஜாக்கள் வந்தார்கள், போனார்கள். இந்தக் கதையில் அவர்களில் ஒருவருக்கும் வேலையில்லை. ஓர் ஆறு இருந்தது. இக்கரையில் கயிறு திரிப்பவர்கள் இருந்தார்கள். அக்கரைக் குன்றில் ஆட்டுமந்தைக்காரர்கள் இருந்தார்கள். நமக்கு அது போதும்.

இக்கரையில் மாடப்பன் என்றொரு கயிற்றுக்காரன். அவன் திரித்த கயிறு கிணற்றில் அறுந்ததில்லை, தேரில் அறுந்ததில்லை, யானைக் காலிலும் அறுந்ததில்லை. அதனால் அவனுக்குக் கொஞ்சம் தலைக்கனம். கொஞ்சம் என்று நான் மரியாதைக்குச் சொல்கிறேன்.

அக்கரை மந்தைக்காரர் ஒண்டியப்பரின் மகள் ரங்கியை அவன் கட்டியிருந்தான். ரங்கி தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போனாள். ஆண் குழந்தை பிறந்தது.

மந்தைக்காரர்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. குழந்தையின் முதல் கம்பளிக்கான நூலைத் தகப்பன்தான் தன் கையால் நூற்க வேண்டும். நெய்வது யாராகவும் இருக்கலாம். அந்தக் கம்பளிக்குள் குழந்தை அழாமல் தூங்கினால்தான் தாயும் பிள்ளையும் குன்றை விட்டு இறங்கலாம். அவள் பத்து மாதம் சுமந்தாளே, அவன் கொஞ்ச நாள் குத்தவைத்து உட்காரட்டும் என்று எந்தப் புண்ணியவதி ஏற்படுத்தினாளோ தெரியாது. எனக்கு அந்த வழக்கம் பிடிக்கும்.

ஆனால் மழைக்காலம் நெருங்கிக்கொண்டிருந்தது. மழை பிடித்துவிட்டால் ஆற்றைக் கடக்க முடியாது. மந்தைக்காரர்களும் ஆடுகளை ஓட்டிக்கொண்டு தூரத்து மேய்ச்சலுக்குப் போய்விடுவார்கள். ரங்கியும் குழந்தையும் கூடவே போக வேண்டியதுதான். அடுத்த கோடையில்தான் திரும்புவார்கள். அதற்குள் பிள்ளை நடக்கப் பழகி, அப்பன் யாரென்று தெரியாமல் மாமன்மார் பின்னால் ஓடிக்கொண்டிருப்பான்.

மாமனார் ஒரு மூட்டை ஆட்டுமயிரும் ஒரு ராட்டையும் கொடுத்தார்.

“தெரியாட்டி யாரையாச்சும் கேட்டுக்குங்க மாப்பிள்ளை,” என்றார்.

“நூல்தானே மாமா? கயித்துக்குத் தம்பி,” என்று சொல்லிவிட்டு மாடப்பன் ஆற்றைக் கடந்தான்.

வீட்டுக்கு வந்து ராட்டை முன் உட்கார்ந்தான். வலது கையால் சக்கரத்தைச் சுழற்றினான். இடது கையில் சுருட்டி வைத்த ஆட்டுமயிரை இறுக்கிப் பிடித்தான். கயிற்றுக்கு முறுக்கு ஏற ஏற பலம். ஆகவே முறுக்கினான். நூல் தன்மேலேயே சுருண்டுகொண்டது. அதை இழுத்து நேராக்கி இன்னும் முறுக்கினான். அதிலேயே ஒரு கம்பளி நெய்வித்து, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு அக்கரை போனான்.

கம்பளியைக் குழந்தைமேல் போட்டார்கள். குழந்தை வீல் என்று அலறியது. அந்தப் பிஞ்சு உடம்பில் வரிவரியாகச் சிவந்துவிட்டது.

“மாப்பிள்ளை, இது ஆட்டுக்குப் பட்டி கட்டவா?” என்று ஒண்டியப்பர் கேட்டார். மச்சினன்மார் சிரிப்பை அடக்க முடியாமல் வெளியே ஓடினார்கள்.

மாடப்பன் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு திரும்பினான். இம்முறை பக்கத்துத் தெருக் காத்தாயியிடம் போனான். காத்தாயி அவனைவிட இளையவள், கம்பளி நூற்பதில் கெட்டிக்காரி. அவள் சொல்லிக் கொடுத்தாள். அவன் கை கேட்கவில்லை. இழுத்தால் அறுந்தது, விட்டால் பொம்மென்று முண்டாகத் திரண்டது. மேற்கே மேகம் கறுத்துக்கொண்டு வந்தது.

“தங்கச்சி, நீ நூத்து வெச்ச நூல் சிட்டத்தையே கொடுத்துடேன். இந்த உதவியை ஆயுசுக்கும் மறக்க மாட்டேன்,” என்று கெஞ்சினான்.

காத்தாயி அவன் முகத்தைப் பார்த்தாள். மனம் இளகிவிட்டது. “நூலு என்னோடதுண்ணே, எடுத்துக்க. பொய்யி உன்னோடது. அதுல எனக்குப் பங்கு வேண்டாம்,” என்று கொடுத்துவிட்டாள்.

இரண்டாவது கம்பளி வெண்ணெய் மாதிரி இருந்தது. அதைக் குழந்தைமேல் போட்டார்கள். குழந்தை ஒரு கொட்டாவி விட்டுத் தூங்கிப்போனது. ஒண்டியப்பர் மருமகன் முதுகில் ஓங்கித் தட்டினார். மூட்டை கட்டச் சொன்னார்.

ரங்கி மட்டும் மூட்டை கட்டவில்லை. அவள் மந்தைக்காரர் மகள். கம்பளியின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை விரலால் தடவிப் பார்த்தாள். ஒரு முண்டு இல்லை, ஒரு நெளிவு இல்லை. உள்ளே போய் ஒரு ராட்டையை எடுத்துவந்து கணவன் முன் வைத்தாள்.

“மாமா, கொஞ்சம் நூத்துக் காட்டுங்க. நான் பார்த்ததே இல்லையே.”

மாடப்பன் உட்கார்ந்தான். சக்கரத்தைச் சுழற்றினான். ஒரு சாண் வருவதற்குள் நூல் அறுந்தது. அவன் யோசிக்கவே இல்லை. பழகிய கை சட்டென்று இரண்டு முனையையும் சேர்த்து முடிச்சுப் போட்டுவிட்டது. கயிற்றுக்காரர்கள் கண்ணில் ஒற்றிக்கொள்ளும்படியான முடிச்சு அது.

ஆனால் கம்பளி நூற்பவர்கள் முடிச்சே போடுவதில்லை. முடிச்சு குழந்தையின் தோலை அழுத்தும். மந்தையில் நண்டும் சிண்டும் அறிந்த சேதி இது. யாரும் சிரிக்கவில்லை. ஒண்டியப்பர் எழுந்து ஆடுகளைப் பார்க்கப் போய்விட்டார்.

ரங்கி கோபித்திருந்தால் மாடப்பனுக்கு எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். அவள் கோபிக்கவில்லை. குழந்தைமேலிருந்து கம்பளியை எடுத்து மடித்து அவன் கையில் கொடுத்தாள்.

“நாளைக்கு இவன் வளர்ந்து கேப்பான் மாமா. உங்கப்பன் நூத்ததுடான்னு நான் சொல்லணும். என்னைப் பொய் சொல்ல வெச்சிராதீங்க.”

திரும்பும் வழியில் அவன் அழுதான். ஆற்று நடுவில் நின்று முகத்தைக் கழுவிக்கொண்டு கரையேறினான்.

கம்பளியைக் காத்தாயி வீட்டில் வைத்துவிட்டுச் சொன்னான்: “தங்கச்சி, எனக்கு நூக்கத் தெரியல. முதல்லேர்ந்து சொல்லிக்கொடு.”

“இதை நீ முன்னயே சொல்லியிருக்கலாமேண்ணே,” என்றாள் காத்தாயி. “கயித்தை நீ அடக்கணும். இதை அடக்கக் கூடாது. சக்கரத்தை மெதுவாச் சுத்து. இடது கையைத் தளர்த்து. மயிரு தானா நழுவி வரும். அறுந்துச்சா, ரெண்டு முனையையும் பிரிச்சுப் பஞ்சாக்கி, ஒண்ணுமேல ஒண்ணை வை. சக்கரமே சேர்த்து வெச்சிரும்.”

அவன் மெதுவாகச் சுற்றினான். அறுந்தது, பிரித்து வைத்தான், சேர்ந்தது. மறுபடி அறுந்தது, பிரித்து வைத்தான், சேர்ந்தது. பக்கத்து ஆட்கள் வேடிக்கை பார்த்துக் கேலி பேசினார்கள். யானையைக் கட்டுகிறவன் ஆட்டு மயிரோடு மல்லுக்கு நிற்கிறானே என்றார்கள். அவனும் கூடச் சிரித்துவிட்டு அடுத்த முனையைப் பிரித்தான். வர வர இடது கையின் இறுக்கம் தளர்ந்தது. முண்டுகள் குறைந்தன. ஒருநாள் சக்கரம் சுற்றுகிற சத்தம் மட்டும் வெகுநேரம் கேட்டுக்கொண்டே இருந்தது. நூல் அறுபடவே இல்லை. அந்த நேரத்தில் அவனுக்கு உண்டான சந்தோஷம் யானைக்கயிறு திரித்தபோதுகூட உண்டானதில்லை.

மூன்றாவது கம்பளி தயாரானபோது மலையில் மழை தொடங்கிவிட்டது. கம்பளியைத் தலையில் வைத்துக்கொண்டு, தொடையளவுத் தண்ணீரில் ஆற்றைக் கடந்தான். குன்றில் ஆடுகள் புறப்படத் தயாராக நின்றன.

கம்பளியைக் குழந்தைமேல் போட்டார்கள். குழந்தை காலை உதைத்துப் பார்த்தது. அழவில்லை.

ஒண்டியப்பர் கம்பளியைப் பிடித்துப் பார்த்தார். நூற்ற வரிசையிலேயே நெய்திருந்தார்கள். ஆகவே ஒரு முனை முழுக்க முண்டும் முரடும். போகப் போகச் சீராகி, மறுமுனை மழமழவென்று இருந்தது.

“அழகான முனையை மேல போடு ரங்கி. இந்தக் கோணல் முனை கால்மாட்டுல கிடக்கட்டும்,” என்றார்.

“இல்லப்பா,” என்றாள் ரங்கி. கம்பளியைத் திருப்பி, முண்டு முண்டான முனையைக் குழந்தையின் முகத்தருகே போட்டாள். “இவங்கப்பன் தெரியாம உக்காந்து ஆரம்பிச்ச இடம் இது. என் பிள்ளை இதைத்தான் முதல்ல தொடணும்.”

குழந்தை கையை நீட்டி, பெரிய முண்டு ஒன்றைப் பிடித்துக்கொண்டு தூங்கிவிட்டது. மாடப்பனே மூட்டையைக் கட்டினான்.

அன்று பொழுது சாய்வதற்குள் ஆறு கரை புரண்டு ஓடியது. அப்போது அவர்கள் மூன்று பேரும் இக்கரையில், தங்கள் வீட்டில் இருந்தார்கள்.

கேட்டவர்களே, இந்தக் கதை சொல்லும் நீதி இதுதான்: தெரியாது என்று ஒப்புக்கொண்டு தன் கையால் கற்றுச் செய்தவனின் கோணல் வேலை, இரவல் வாங்கிவந்த எந்த அழகையும்விட உயர்ந்தது.