ஆணியில் தொங்கிய டோக்கன்

திருப்பூர் பனியன் கம்பெனி ஒன்றில், ஜார்க்கண்டிலிருந்து வந்த பெண்களுக்கு மேனேஜர் தண்டபாணி ஆங்கிலம் கற்பித்தார். ஒரு வருஷமாக ‘மஸ்ட்’ மட்டும்தான் பாடம்: செய்தே ஆக வேண்டும். வெளிநாட்டு வியாபாரி வருகிறார் என்றதும் ‘கேன்’ வந்தது: முடியும். முதலாளிகளின் இலக்கணம் அப்படித்தான் வளரும்.

“அவர் எதைக் கேட்டாலும் ‘யெஸ், வீ கேன்’னு சொல்லோணும். இல்லேன்னா வேலை கிடையாது.”

“பாத்ரூம் பத்திக் கேட்டாலுமா சார்?” என்றாள் சுக்மதி.

“எதைக் கேட்டாலும்தான் புள்ளே!”

அவள் உட்கார்ந்து தைக்கும் மெஷின் வரிசைக்கே, ஆணியில் தொங்கும் டோக்கன் ஒன்றுதான். அதை எடுத்துப் போனவள் திரும்பினால்தான் அடுத்தவள் கழிப்பறைக்குப் போகலாம். வியாபாரி வந்த அன்று சுக்மதி காலையிலிருந்து அடக்கிக்கொண்டிருந்தாள். அவர் அவளிடமே ஆங்கிலத்தில் கேட்டார்: நினைத்தபோது கழிப்பறைக்குப் போக முடியுமா?

“யெஸ், வீ கேன்!” என்றவள், சொன்ன கையோடு எழுந்து நடந்தாள். வரிசை முழுதும் அவள் பின்னால் எழுந்தது.

“அடியே, டோக்கன் எங்க?” என்று அலறிவிட்டார் தண்டபாணி.

வியாபாரிக்குத் தமிழ் தெரியாது. அந்த ஒரு சொல் மட்டும் புரிந்தது. “டோக்கனா? எதற்கு?” என்றார்.

அதை விளக்கும் ஆங்கிலம் தண்டபாணிக்கே வரவில்லை. மறுநாள் சுவரில் ஆணி மட்டும் இருந்தது.