கரி முகத்தில் கிரீடம்

என் பிழைப்பில் முதலில் கை வைத்தவர் ஏகாம்பர பாகவதர். அவர் பெயரைச் சொல்லிவிட்டுத்தான் கதையை ஆரம்பிப்பேன்.

செங்கழனி சமஸ்தானத்து அரண்மனையில் நாடகம் என்றால் பாட்டெல்லாம் அவருடையது. பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே கதையைக் கட்டுகிறவன் நான், வைரக்கண்ணு. யார் எப்போது வரவேண்டும், வந்தவன் என்ன பேசவேண்டும், எல்லாம் என் வேலை.

அந்த வருஷம் எங்கள் மகாராஜாவின் பாட்டனார் ஒரு பெரிய கள்ளனைப் பிடித்த கதையை நாடகமாக்கி, சிலமுறை ஆடியும் விட்டோம். பாகவதருக்கு ஒரு பாட்டைக்கூட அடுத்தவனுக்குக் கொடுக்க மனம் வராது. கள்ளன் வேஷமும் அவரே. ராஜா வேஷமும் அவரே.

அடுத்த ஆட்டத்துக்கு முதல்நாள் அவர் மகாராஜாவிடம் போனார். நானும் பக்கத்தில்தான் நின்றேன்.

"மகாராஜா, சனங்க வர்றது என் பாட்டுக்கு. நடுவுல இவன் எழுதுற பேச்சு எதுக்கு? சோத்துல கல்லு மாதிரி! எல்லாத்தையும் வெட்டிடலாம்."

"நடுவுல மத்தளம் கொஞ்சம் நிக்கலாமா பாகவதரே?" என்று பணிவாகக் கேட்டேன்.

"ஒரு தட்டு நிக்கப்படாது! பாட்டு முடிஞ்சா அடுத்த பாட்டு!"

மகாராஜாவுக்கு அது பிடித்துப்போயிற்று. "மேலக்கரை ராஜா நம்ம பொண்ணை அவர் மகனுக்குக் கேட்டு நாளைக்கு வர்றார். பாட்டு மேல பாட்டா நடக்கட்டும். நல்லா நடந்துச்சுன்னா, வைரக்கண்ணு, நீ மூட்டையைக் கட்டு."

"மகாராஜா, ஒரே ஒரு விஷயம்..."

"பேச்சே வேண்டாங்கறேன்!"

உத்தரவை மீறலாமா? வாயை மூடிக்கொண்டேன்.

மறுநாள் பொழுது சாயும்போது நாடகம் தொடங்கியது. மகாராஜா என்னைத் தன் நாற்காலிக்குப் பின்னால் நிற்க வைத்திருந்தார். பக்கத்து நாற்காலியில் மேலக்கரை ராஜா.

பாகவதர் கள்ளனாக வந்தார். முகம் முழுக்கக் கரி. கறுப்புக் கம்பளி. தோளில் சாக்குமூட்டை. பாடினார். பொய் சொல்லக்கூடாது, நன்றாகத்தான் பாடினார். பாட்டு முடிந்தது.

வழக்கமாக இந்த இடத்தில் இரண்டு தோழிகள் வந்து, காணாமல்போன முத்துமாலையைப் பற்றி வாயாடுவார்கள். நான் எழுதிய பேச்சு அது. பாகவதர் அதை ஒருநாளும் கேட்டதில்லை. கேட்க நேரம் ஏது? அப்போது அவர் திரைக்குப் பின்னால் கரியைக் கழுவிப் பட்டு அங்கி மாட்டிக்கொண்டிருப்பார். அவர் முகத்தின் அகலத்தை மனத்தில் வைத்துத்தான் அந்தப் பேச்சின் நீளத்தை அளந்திருந்தேன்.

இன்று தோழிகள் இல்லை. மத்தளம் நிற்கவில்லை. ராஜா வரும் பாட்டு தடதடவென்று தொடங்கிவிட்டது.

பாகவதர் உள்ளே ஓடினார். போன வேகத்தில் வெளியே வந்தார். தலையில் கிரீடம். முகத்தில் கரி. தோளில் அதே சாக்குமூட்டை.

"நீதிக்கு ஒரு வேந்தன் நானே!" என்று பாடினார்.

சபையில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். மேலக்கரை ராஜா மெதுவாகத் திரும்பினார்.

"சம்பந்தி, உங்க பாட்டனாரா கள்ளன்?"

எங்கள் மகாராஜாவின் காது சிவந்துவிட்டது. பெண்ணின் கல்யாணமே போய்விடும் போலிருந்தது. பின்னால் கையை நீட்டி என் வேட்டியைப் பிடித்து இழுத்தார்.

"வைரக்கண்ணு! ஏதாவது பேசித் தொலையேன்!"

"பேச்சு கூடாதுன்னு உத்தரவு இருக்குதே மகாராஜா."

"உத்தரவு ரத்து!"

நான் மேடையில் ஏறினேன். மத்தளத்தின்மேல் கையை வைத்து நிறுத்தினேன்.

"சபையோரே! கள்ளர் கூட்டத்துக்குள்ளே கரி பூசிக்கிட்டு, கம்பளி போர்த்திக்கிட்டு, மூட்டை தூக்கிக்கிட்டுத் தனியாளாப் போய் வேவு பார்த்துட்டு வந்த நம்ம பெரிய ராஜா இவர்தான்! முகம் கழுவக்கூட நிக்காம, நீதி சொல்ல நேரா சபைக்கு வந்துட்டார்!"

"அடடா, மாறுவேஷமா!" மேலக்கரை ராஜா நிமிர்ந்து உட்கார்ந்தார். "அப்போ நிஜக் கள்ளன் எங்கேய்யா?"

"ராஜா வர்றார்னு தெரிஞ்சதும் ஓடிட்டான் மகாராஜா. உங்க எல்லைப் பக்கமாப் போனதாக் கேள்வி."

அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "அதான் எங்க தோட்டத்துல வாழைத்தார் நிக்க மாட்டேங்குதா!" சிரித்த வாயோடு தாம்பூலத்தை மாற்றிக்கொண்டார். கல்யாணம் நிச்சயமாயிற்று.

விருந்தினர் போனபிறகு மகாராஜா என்னைக் கூப்பிட்டார்.

"ஏண்டா, வேஷம் மாத்த நேரம் இருக்காதுன்னு நேத்தே சொல்ல வேண்டியதுதானே?"

"பேச்சே வேண்டாம்னீங்க."

மகாராஜா வாய்விட்டுச் சிரித்தார். "என்ன வேணும், கேள்."

"ஒவ்வொரு நாடகத்துக்கும் முன்னாடி பாகவதர் மேடையில நின்னு, 'வைரக்கண்ணு கட்டின கதை'ன்னு சொல்லணும் மகாராஜா."

"அப்படியே ஆகட்டும்!"

பாகவதர் உத்தரவை மீறவில்லை. அடுத்த நாடகத்தில் மேடைக்கு வந்தார். ஆனால் சொல்லவில்லை, பாடினார். "வை" என்று எடுத்து மேலே ஏறினார், கீழே இறங்கினார், ஊரைச் சுற்றி வந்தார். "ர" வருவதற்குள் சனம் வெற்றிலை போட்டுத் துப்பிவிட்டது. மத்தளக்காரர் பொறுமை இழந்து முதல் பாட்டை ஆரம்பித்துவிட்டார்.

பதினோரு வருஷமாக இதே கதை. "வைர" வரைக்கும் கொடுத்திருக்கிறார். "கண்ணு" இன்னும் பாக்கி.