நத்தைகுத்தி நாரையின் மூடாத அலகு

பறவைகள் எல்லாம் ஒரே மொழி பேசிய அந்தக் காலத்தில், கடம்பேரி என்றொரு பெரிய ஏரி இருந்தது. மழை முடிந்ததும் நாலாபக்கத்திலிருந்தும் பறவைகள் வந்து, ஏரியின் மேற்கே தண்ணீருக்குள் நின்ற மரங்களில் கூடு கட்டும். ஆயிரம் கூடுகள் இருக்கிற இடத்தில் சண்டைக்குக் குறைவிருக்காது. அதைத் தீர்ப்பதற்காகக் கிழக்குக் கரையில் ஒரு பட்ட மரத்தடியில் பறவைகளின் அவை கூடும். அந்த மரத்தில் ஒரேயொரு கிளைதான் மிச்சமிருந்தது. அதில் உட்காருகிறவர்தான் அவைத் தலைவர்.

தலைவராக எப்போதும் ஒரு நத்தைகுத்தி நாரையைத்தான் தேர்ந்தெடுப்பார்கள். அது நத்தை தின்கிற பறவை. மீனுக்காக மற்றவர்கள் அடித்துக்கொள்ளும்போது அது எந்தப் பக்கமும் சாயத் தேவையில்லை. அந்த வருடம் அல்லி என்ற நாரை தலைவராக இருந்தாள். இரை தேடும் நேரத்தில் எல்லோருக்கும் அவள் அல்லிதான், சிலருக்கு அல்லி அக்கா. கிளையில் ஏறி உட்கார்ந்துவிட்டால் அவளைவிட மூத்தவர்கள்கூட 'தலைவரே' என்பார்கள். அவள் அலகால் கிளையை ஒரு தட்டுத் தட்டினால், பேசுகிறவர் பாதிச் சொல்லில் நிறுத்திக்கொள்வார்.

அந்த ஐப்பசியில் மழை பொய்த்தது. தை பிறந்தபோது ஏரியின் பெரும்பகுதி சேறாகிவிட்டது. நடுவே ஒரு மடுவில் மட்டும் ஆழமாகத் தண்ணீர் நின்றது. மிச்ச மீனெல்லாம் அதில்தான். குஞ்சுகளுக்கோ இன்னும் சிறகு முளைக்கவில்லை.

அவை கூடியது. கூழைக்கடாக்களில் மூத்தவனான பெருவாயன் எழுந்து, ஒவ்வொரு குடும்பமும் ஒரு நாளைக்கு ஒரு முறை மட்டும் மடுவில் இறங்கினால் குஞ்சுகள் பறக்கும்வரை மீன் தாங்கும் என்றான். அவன் முடிப்பதற்குள் நீர்க்காகங்களின் தலைவன் கருவாண்டன் குறுக்கிட்டான். ஒரே முறையில் அலகுப் பையை நிரப்பிக்கொண்டு போகிறவன் அப்படித்தான் சொல்வான், ஒவ்வொன்றாகப் பிடிக்கிற நான் ஐந்து குஞ்சுகளுக்கு என்ன செய்வது என்று கேட்டான். கேள்வி நியாயமானதுதான். அல்லிக்கும் அது தெரிந்தது. ஆனால் அவன் பேச வேண்டிய முறை இன்னும் வரவில்லை. அவள் தட்டினாள். அவன் நிறுத்தவில்லை. மறுபடியும் தட்டினாள்.

"கருவாண்டா, அடுத்து உன் முறைதான். உன் குறையை முழுதாகக் கேட்கிறேன். இப்போது அவர் பேசி முடிக்கட்டும்."

"நத்தை தின்கிற உனக்கு மீனைப் பற்றி என்ன தெரியும்?" என்றான் கருவாண்டன். "நாங்கள் உட்காரவைத்ததால் நீ அங்கே உட்கார்ந்திருக்கிறாய்."

அந்தக் கிளையைப் பார்த்து அதுவரை யாரும் 'நீ' என்று சொன்னதில்லை. அவன் அதோடு விடவில்லை. பறந்துபோய் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, இறக்கையால் ஓங்கி ஒரு தள்ளுத் தள்ளினான். அல்லி சேற்றில் விழுந்தாள்.

யாராவது ஒருவர் எழுந்து அவனை இறங்கச் சொல்லியிருந்தால் போதும். எல்லோரும் பெருவாயனைப் பார்த்தார்கள். அவனைப் பேசவிடத்தானே அவள் தட்டினாள். பெருவாயன் வேறு பக்கம் பார்த்தான். இனி இவளுக்குப் பயப்பட வேண்டாம் என்றால் தன்னையும் யாரும் கேள்வி கேட்க முடியாது என்று அவன் மனதில் ஓடியது. பின்னாலிருந்து யாரோ சிரித்தார்கள்.

கருவாண்டன் தானாகவே இறங்கிப் போனான். அல்லி சேற்றோடு மேலே ஏறி, இரண்டு பக்கத்தையும் விசாரித்து, ஐந்து குஞ்சு உள்ளவர்களுக்கு இரண்டு முறை, மற்றவர்களுக்கு ஒரு முறை என்று முடிவு சொன்னாள். சரியான முடிவு என்று எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். யாரும் அதன்படி நடக்கவில்லை. மறுநாள் மூன்றாம் தடவையாக மடுவில் இறங்கிய பெருவாயனைக் கூப்பிட்டுக் கேட்டாள். அவன் முதுகைக் காட்டிவிட்டுப் பறந்தான்.

அவள் துணைவன் செம்பியன், இந்தத் தலைமையே வேண்டாம், வேறு யாராவது பார்த்துக்கொள்ளட்டும் என்றான்.

"நான் இறங்கிவிட்டால் அது வெறும் கிளையாகிவிடும்" என்றாள் அல்லி.

பத்து நாளில் மரங்களைச் சுற்றியிருந்த தண்ணீரும் வற்றியது. இனி நரிகள் நடந்தே வரலாம். யார் எப்போது காவல் நிற்பது என்று முடிவு செய்ய ஒரு மாலை மறுபடியும் அவை கூடியது. வெள்ளைச்சி என்ற சின்னக் கொக்கை மட்டும் மேற்கே காவலுக்கு விட்டுவிட்டு எல்லோரும் வந்தார்கள். வந்ததுமே கத்தத் தொடங்கினார்கள். அதிக மீன் தின்றவர்கள் காவல் நிற்கட்டும் என்றார்கள் நீர்க்காகங்கள். தாழ்வான கிளையில் கூடு வைத்திருப்பவர்கள் நிற்கட்டும் என்றார்கள் கூழைக்கடாக்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள்.

அப்போது வெள்ளைச்சி மூச்சிரைக்கப் பறந்துவந்து கிளைக்குக் கீழே விழுந்தாள். அவளுக்குச் சின்னக் குரல்.

"தலைவரே, ஆறு நரிகள். சேற்றைத் தாண்டிவிட்டன."

அல்லி தட்டினாள். நரி, நரி என்று கூவினாள். பக்கத்தில் இருந்தவர்கள்கூட, இவளும் ஏதோ ஒரு பக்கம் சேர்ந்து கத்துகிறாள் என்றுதான் நினைத்தார்கள். கூட்டத்தின் ஓரத்தில் நின்ற செம்பியன் மட்டும் அவள் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டு மேற்கே பறந்தான். அவளும் போயிருக்கலாம். அவளுடைய இரண்டு குஞ்சுகளும் அங்கேதான் இருந்தன. போய்விட்டால் மற்றவர்களுக்கு யார் சொல்வது என்று தயங்கினாள். அலகைப் பக்கவாட்டில் சாய்த்துக் கிளையில் ஓங்கி ஓங்கி அடித்தாள். தொண்டை கிழியக் கூவினாள். அலகு நடுவில் வளைந்தது. அப்போதும் நிறுத்தவில்லை.

கத்திக் களைத்து அவர்கள் தாங்களாகவே ஓய்ந்தபோதுதான், மேற்கிலிருந்து ஒரு குஞ்சின் குரல்கூட வரவில்லை என்பது உறைத்தது. பறந்துபோய்ப் பார்த்தார்கள். தாழ்ந்த கூடுகளை நரிகள் இழுத்துப்போட்டிருந்தன. மேல் கூடுகளில் இருந்த குஞ்சுகள் பயந்து தாங்களே குதித்திருந்தன. செம்பியன் ஓர் இறக்கை கிழிந்து, காலிக் கூட்டின் அடியில் நின்றுகொண்டிருந்தான்.

மறுநாள் காலை கருவாண்டன் தனியாகக் கிழக்குக் கரைக்கு வந்தான். அவனுடைய ஐந்தில் ஒன்றும் மிஞ்சவில்லை. அல்லி அதே கிளையில் இருந்தாள்.

"தட்டுங்கள் தலைவரே" என்றான். "நான் கேட்கிறேன்."

அவள் ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். குரல் வரவில்லை. அலகை மூடினாள். நுனி சேர்ந்தது, நடுவில் சேரவில்லை. அந்த இடைவெளி வழியாக அவனுக்கு வறண்ட ஏரி தெரிந்தது. அவள் ஒரே ஒரு முறை தட்டினாள். அவன் தலைகுனிந்து நின்றான். கேட்பதற்கு வேறு யாரும் இல்லை. மற்றவர்கள் விடியும்போதே ஏரியை விட்டுப் போய்விட்டார்கள்.

அந்த மாலைக்குப் பிறகுதான் நத்தைகுத்தி நாரைக்கு அலகின் நடுப்பாகம் மூடாமல் போனது, குஞ்சுப் பருவம் தாண்டியதும் குரலும் இல்லாமல் போனது. கூடு கட்டும் பருவத்தில் ஏதாவது ஓர் ஏரிக்குப் போய்ப் பாருங்கள். எல்லாப் பறவைகளும் ஒன்றாகக் கத்திக்கொண்டிருக்கும். நடுவே ஒரு நாரை அலகைத் தட்டிக்கொண்டிருக்கும். ஒன்றுகூடத் திரும்பிப் பார்க்காது.