செம்புப் படமும் செய்யுள் பலகையும்

ஆழியூர்த் துறைமுகத்துக்கு வழிகாட்டிப் பலகை எழுதும் வேலையை அரசவைப் புலவர் வெண்பாவூரார் கேட்டு வாங்கிக்கொண்டார். வைத்தியசாலை என்று எழுதினால் அவர் புலமை என்ன ஆவது? ‘பிணிகெட அருளும் பெருமனை ஈதே’ என்று தொடங்கி நாலடிச் செய்யுளாக எழுதிவைத்தார். அதைப் படித்தவனுக்கே தலை சுற்றியது.

காய்ச்சலில் துவண்ட பிள்ளையோடு தோணியிலிருந்து இறங்கிய உலகாயி, வழி தெரியாமல் உப்பளம் வரை நடந்துவிட்டாள். அங்கே அவளைக் கண்ட மந்திரி சேந்தனார், தம் வண்டியிலேயே வைத்தியரிடம் கொண்டுபோனார். பிள்ளை மயிரிழையில் பிழைத்தது. சேந்தனாருக்கு ஆத்திரம் அடங்கவில்லை. நேரே சபைக்குப் போனார்.

“அரசே, செய்யுளை எடுத்துவிட்டுப் படம் போடுவோம். வைத்தியசாலைக்கு மருந்து அரைக்கும் கல்வம், சத்திரத்துக்குச் சோற்றுப்பானை, படகுத்துறைக்குத் துடுப்பு. எந்த நாட்டாருக்கும் புரியும்.”

புலவர் உதட்டைச் சுழித்தார். “பாமரக் கூட்டத்துக்குப் பொம்மையா? கற்றவன் எவனும் படத்தைப் பார்த்து வழி நடக்கமாட்டான்.”

அரசருக்கு வேடிக்கை பார்க்க ஆசை. “சேந்தனாரே, இந்தப் புலவரையே படம் பார்த்து நடக்கவைத்துவிடும். அப்புறம் ஊரெங்கும் படம் போடுகிறேன்.”

அடுத்த வாரம் புதுமாளிகையில் சீன வணிகர்களுக்கு விருந்து. வந்தவர்களுக்கு மரியாதை என்று சொல்லி, கதவுகளில் எல்லாம் சீன எழுத்திலேயே பலகை மாட்டியிருந்தார் சேந்தனார். புலவருக்குத் தம் கையாலேயே பானகம் ஊற்றினார். ஓசியில் கிடைத்தால் புலவர் விடுவாரா? ஏழு குவளை போயிற்று.

சற்று நேரத்தில் புலவர் நெளிந்தார். எழுந்து, கதவுகள் வரிசையாக இருந்த நடையில் விரைந்தார். கழிப்பறை எங்கே என்று அங்கே நின்ற காவலனிடம் கேட்டிருக்கலாம். ஊருக்கே வழி எழுதியவர் வழி கேட்பதா என்ற வறட்டுக் கௌரவம் தடுத்தது. ஒரு கதவைத் திறந்தார். சமையற்காரர் கரண்டியோடு முறைத்தார். இன்னொன்றைத் திறந்தார், உடை மாற்றிக்கொண்டிருந்த சீனர் கத்தினார். புலவருக்கு வியர்த்துவிட்டது.

நடையின் கோடியில் ஒரு கதவு. அதில் எழுத்தே இல்லை. கரியால் வரைந்த தண்ணீர்ச் செம்பு மட்டும் இருந்தது. புலவர் ஒரே ஓட்டமாக உள்ளே நுழைந்தார்.

வெளியே வந்தபோது அரசரும் சேந்தனாரும் வாசலில் நின்றார்கள். புலவர் மேல்துண்டைச் சரிசெய்தார்.

“செம்பின் கழுத்து கோணலாக இருக்கிறது” என்றார் விறைப்பாக.

“இருக்கட்டும், புலவரே. பொருள் விளங்கியதா, இல்லை உரை எழுதச் சொல்லட்டுமா?” என்றார் சேந்தனார்.

அரசர் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். தம் முத்துமாலையைக் கழற்றி மந்திரிக்குப் போட்டார். மறுநாள் செய்யுள் பலகைகள் எல்லாம் அரண்மனை அடுப்புக்கு விறகாயின.